அறுபத்து மூன்றாம் எண் விரிப்பு

பழனிசெட்டிபட்டி
12.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அனிதா மேரி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்குள் இல்லை. வெளியே காலெடுத்து வைக்காத அந்த அடைப்பு மடத்துக்குள் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. என் கடிதத்தை உனக்கு முன்பே படித்துவிடும் உங்கள் மடத் தலைவி தாயாருக்கும் என் வணக்கம்.

என் ஆய்வேட்டில் நான்காம் இயலுக்கு வந்துவிட்டேன். தலைப்பு ‘கனவு முறிவு’. ஒரு நாவலையும் ஒரு கவிதையையும் ஒப்பிடுகிறேன். நாவல் வைகுண்டராஜ் எழுதிய ‘மூன்றாம் போகம்’. நம் பள்ளத்தாக்குக் கதைதான். நம் கடைமடைக்கு இரண்டு போகத் தண்ணீரே தள்ளாடித்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். நாவலில் வரும் சந்தனம்மாளுக்கு நர்ஸ் ஆக ஆசை. அவள் அப்பன் அய்யாத்துரை, ‘மூணாம் போகம் வெளையட்டும், அனுப்புறேன்’ என்கிறான். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நீயே ஊகிக்கலாம். புத்தகத்தைத் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

கவிதை உன்னுடையது. 2010-இல் நம் பங்குக் கோயில் பொன்விழா மலரில் வந்தது. மறந்திருந்தால் இதோ:

தகரப் பெட்டியில்
இரண்டு விரிப்பு, ஒரு துவாலை, ஒரு குடை.
விரிப்பிலும் துவாலையிலும் சிவப்பு நூலில்
அறுபத்து மூன்று.
பேருந்து வரும் நாளில்
பெட்டியைத் திறந்து
ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தார்கள்.
குடையை மட்டும் விட்டார்கள்,
மழைக்காலம் என்பதால்.

முக்கால் மதிப்பெண்ணில் உன் மருத்துவ இடம் போன வருடம் அது. மதிப்பெண் வருவதற்கு முன்பே பெட்டி கட்டி வைத்தவள் நீ. நான் அப்போது ராயப்பன்பட்டி விடுதியில் இருந்தேன். லீவுக்கு வந்தபோது பெட்டி காலியாகக் கிடந்தது. நாவலில் கனவு முறிந்தவள் வயலில் நிற்கிறாள், கவிதையில் கனவு முறிந்தவள் மடத்துக்குப் போய்விட்டாள். என் இயலின் கடைசி வரி இதுதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

அன்புத் தங்கை,
அனிதா


மடம்
6.10.2024

அன்பு அனிதாவுக்கு,

உங்கள் மூவரின் சுகத்துக்கும் ஆண்டவருக்கு நன்றி. நான் சுகம். முட்டிவலிகூட இல்லை, இத்தனைக்கும் நாளில் பாதி நேரம் முழங்காலில் இருக்கிறேன். தாயார் உன் வணக்கத்தைப் பெற்றுக்கொண்டார். ‘கையெழுத்து நல்லா இருக்கு, கொஞ்சம் திமிரும் இருக்கு’ என்றார்.

உன் நாவல் இப்போது மடம் முழுவதற்கும் சொந்தம். மதியச் சாப்பாட்டின்போது நாங்கள் பேசுவதில்லை. ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவோம். பெரும்பாலும் புனிதர் வரலாறாக இருக்கும். தலைப்பைப் பார்த்ததும் தாயார் புருவத்தைத் தூக்கினார். அது நெல் விவகாரம் என்று நான் விளக்கிய பிறகு அனுமதி கிடைத்தது. இப்போது பதினாலு பேரும் சாம்பாரைப் பிசைந்தபடி சந்தனம்மாளுக்காகக் கவலைப்படுகிறோம்.

வரும் ஜூலை 16 எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அன்றைய பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகத்தை வீட்டிலிருந்து ஒருவர் வாசிக்கலாம். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் குரல் எனக்கு வேண்டும்.

கவிதையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். என் கடிதங்களை இன்னும் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறாயா?

உன் அக்கா,
மெர்லின்


பழனிசெட்டிபட்டி
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். இரண்டு நாளாக நல்ல மழை, அப்பா வெளியே போக முடியாமல் வீட்டையே தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறார். உன் நலம் அறிய ஆவல்.

வாசித்துக் காட்டாமல் எப்படி? உன் கடிதம் வந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். கடைசியில் ‘உன் அக்கா மெர்லின்’ என்பதைக்கூட விடாமல் கேட்பாள். உன் கவிதையையும் நாவலையும் அவளுக்கு வாசித்தாயிற்று. நாவலுக்கு உச்சுக் கொட்டினாள். கவிதை முடிந்ததும் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன், ஜூலைக்கு நான் வரமாட்டேன். நித்திய வார்த்தைப்பாடு என்றால் சாகும்வரை அந்தக் கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம்தான். ஒரு மதிப்பெண் கூட இல்லை, முக்கால் மதிப்பெண், அதற்காக ஒருத்தி ஆயுள் முழுக்க உள்ளே போவதை நான் வந்து வாசகம் வாசித்து வாழ்த்த வேண்டுமா? நீ வெளியே வந்தால் கூட்டிக்கொண்டு போக முதல் பேருந்திலேயே வருவேன். தாயார் இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கவிதைக்குப் பதில் சொல்லு.

அனிதா


மடம்
24.11.2024

அன்பு அனிதாவுக்கு,

எல்லாரும் நலம்தானே? எனக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை. அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை கடிதம் எழுத முடியாது. அதனால் இதை இழுத்து மெதுவாகப் படி.

நாவல் முடிந்தது. கடைசியில் ஐம்பத்திரண்டு வயது சந்தனம்மாள் போர்வெல் தண்ணீரில் தானே மூன்றாம் போகம் போடுகிறாளே, கதிர் பால் பிடிப்பதற்கு முன்பே கிணறு வற்ற, பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடுகிறாளே, அந்தப் பக்கத்தில் எங்களில் ஐந்து பேருக்குச் சோறு இறங்கவில்லை. சமையல்கட்டு ஜெசிந்தா மட்டும் ஓய்வு நேரத்தில், ‘அத்தனையையும் தின்ன மாடு அன்னிக்கு எம்புட்டுப் பால் கறந்துச்சு? அதை எழுதாம விட்டுட்டாரே’ என்றாள். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். என் ஓட்டு ஜெசிந்தாவுக்கு.

ஒப்பீடு கேட்டாய் அல்லவா? நாவலில் கனவு தவணை முறையில் உடைகிறது. முந்நூறு பக்கத்துக்கு அய்யாத்துரை நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கிறான். கவிதையில் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. நாவலில் யார் உடைத்தார்கள் என்று தெரியும். கவிதையில் ‘எடுத்தார்கள்’, ‘விட்டார்கள்’ என்றுதான் இருக்கிறதே தவிர யாருமே இல்லை. அதைக் கவனித்தாயா?

இன்னொன்று. பள்ளி விடுதியில் என் துணி எண் நூற்றுப் பதினெட்டு. அறுபத்து மூன்று எனக்கு இருந்ததே இல்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முத்தம்.

மெர்லின்


பழனிசெட்டிபட்டி
28.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் நல்லபடியாக முடிந்தது. அப்பா திருட்டுத்தனமாக மூன்று அதிரசம் தின்று மாட்டிக்கொண்டார். சளி போய்விட்டதா?

ஒரு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்துவிட்டாய். நூற்றுப் பதினெட்டு என்று நான் வாசித்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். ‘உன் அக்கா மெர்லின்’ வரை அவள் கேட்காத முதல் கடிதம் அதுதான்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் சாமான் எடுக்கப் பரணில் ஏறினேன். கவிதையில் வரும் தகரப் பெட்டி என்று நான் நினைத்திருந்த உன் பெட்டிக்கு அடியில் இன்னொரு பெட்டி இருந்தது, அதைவிடப் பழசு. உள்ளே ஒரு வெள்ளை விரிப்பு. மூலையில் சிவப்பு நூலில் 63. நூல் சாயம்கூடப் போகவில்லை. இருந்தது போலவே மடித்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

யாருடையது, அக்கா? என் இயலை மார்ச்சில் கொடுக்க வேண்டும். அதைவிட, எனக்குத் தெரிய வேண்டும்.

அனிதா


மடம்
10.1.2025

அனிதாவுக்கு மட்டும்,

புத்தாண்டு வாழ்த்துகள். நான் சுகம். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. இங்கே தாயார் வாசிப்பார், வாசிக்கட்டும்.

அந்த எண் அம்மாவுடையது. பதினேழு வயதில் அம்மாவை ஒரு கன்னியர் மடத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதம் வந்தது. அடைப்பு மடம் இல்லை, பள்ளிக்கூடம் நடத்துபவர்கள். சேருகிறவர்களுக்குச் சாமான் பட்டியலும் துணி எண்ணும் கொடுப்பார்கள். சலவையில் கலந்துவிடாமல் இருக்க எல்லாத் துணியிலும் அந்த எண்ணைத் தைத்துக்கொண்டு வர வேண்டும். அம்மாவுக்கு, அதாவது அன்றைய மதலேனாளுக்கு, அறுபத்து மூன்று. அவளே உட்கார்ந்து தைத்தாள். பேருந்து ஏற வேண்டிய நாளில் ஒரு சம்பந்தம் வந்தது. பெட்டியைப் பிரித்தார்கள்.

நான் மருத்துவக் கல்லூரிக்குப் பெட்டி கட்டியபோது விரிப்பு தேடிப் பரணில் ஏறினேன், உன்னைப் போலவே. கேட்டேன், சொன்னாள். ‘யார்கிட்டயும் சொல்லாத ஆத்தா’ என்றாள். சொல்லவில்லை. கவிதையாக எழுதி, ஊரே படிக்கிற மலரில் போட்டுவிட்டேன். பதினெட்டு வயதில் அது ரகசியம் காப்பது என்றுதான் நினைத்தேன்.

அதே மாதம் என் இடமும் போனதால், எல்லாரும் அது என் கதை என்று முடிவுகட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு அது வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன். இப்போது அச்சில் ஏற்றப் போகிறாய் என்பதால் சொல்கிறேன்.

மெர்லின்


பழனிசெட்டிபட்டி
2.2.2025

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். அம்மாவுக்கு வாசிக்கவில்லை. கடிதம் வரவில்லை என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை.

என் நான்காம் இயல் இடிந்து விழுந்துவிட்டது, அது போகட்டும். இதுவரை நீ அந்த முக்கால் மதிப்பெண்ணுக்காகப் போனாய் என்று நினைத்தேன். இப்போது தோன்றுவது அதைவிட மோசம். அம்மாவால் போக முடியாத இடத்துக்கு அவளுக்குப் பதிலாக நீ போயிருக்கிறாய். அவள் கனவை நீ உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இது உண்மையானால் சொல். இல்லை என்றாலும் சொல். ஒன்பது வருடமாக எனக்கு அக்கா இல்லை. காரணமாவது சரியானதாக இருக்க வேண்டும்.

ஜூலைக்கு வரமாட்டேன் என்பதில் மாற்றமில்லை.

அனிதா


மடம்
2.3.2025

அன்பு அனிதாவுக்கு,

புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கினால் பாஸ்கா வரை, அதாவது ஈஸ்டர் வரை, பேனாவைத் தொட முடியாது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுகம்தான், நீயும் சுகமாக இரு.

இடம் போனதற்கு இரண்டு நாள் அழுதது உண்மை. இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பாவிடம் பரோட்டா வாங்கிவரச் சொன்னதும் உண்மை. அப்புறம் இயற்பியல் படித்தேன், இரண்டு வருடம் பள்ளியில் வேலை பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். ஆறு வருடம் கழித்துத்தான் இங்கே வந்தேன். ஒருமுறை இந்த மடத்துக் கோயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இதற்கு மேல் விளக்கத் தெரியாது. உனக்குத் தமிழ் ஏன் பிடித்தது என்று யாராவது கேட்டால் நீயும் இப்படித்தான் முழிப்பாய்.

அம்மாவுக்காக வந்தேனா? அம்மா இதைத் தடுத்த அளவுக்கு யாரும் தடுக்கவில்லை. என் சாமான் பட்டியலை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். நாற்பது நாள் என்னோடு பேசவில்லை. நீ மதுரையில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. ஏன் கிழித்தாள் என்று இன்றுவரை நான் அவளைக் கேட்டதில்லை. கம்பிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் வாசகத்துக்கு உன் பெயர் அப்படியே இருக்கிறது. நான் அடிக்கப்போவதில்லை.

மெர்லின்


பழனிசெட்டிபட்டி
25.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். இங்கே எல்லாரும் நலம், நானும் ஒருவழியாக நலம். தாயாருக்கும் ஜெசிந்தாவுக்கும் வாழ்த்துச் சொல்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்க உட்கார்ந்தேன். பாதியைத் தாண்டிக் குதித்தேன். ‘ஏண்டி, பாதியை முழுங்குற? தொண்டையில சிக்கிறப் போகுது’ என்றாள். அப்புறம் ஜனவரிக் கடிதத்தையும் எடுத்து வரச் சொன்னாள். இரண்டையும் முழுசாக வாசித்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ‘பேனாவை எடு, நான் சொல்றதைச் சொன்னபடியே எழுது’ என்றாள். இனி அவள் பேச்சு.

“மெர்லினு, அம்மா பேசுறேன். நல்லா இருக்கியா? சளி பிடிச்சா மிளகு ரசம் வச்சுத் தரச் சொல்லு.

நீ எழுதுன பாட்டை இவ படிச்சுக் காட்டுனா. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசியில தப்பா எழுதிப்புட்ட. குடையை அவுக விடலை. எங்கய்யா பெட்டியைத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே வந்தாக. குடையில கை வைக்கவும் நான் வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டேன். ‘இது நான் களையெடுத்துச் சேத்த காசுல வாங்குனது, யாருக்கும் தர மாட்டேன்’னேன். வீடே திகைச்சுப் போச்சு. அந்தக் குடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மழையோட மழையாக் கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போனேன். என்னைச் சும்மா நின்ன பிள்ளை மாதிரி எழுதிட்டியே.

வந்த சம்பந்தம் உங்கப்பாதான். கல்யாணமாகி மூணாம் நாளே அவுககிட்டச் சொல்லிட்டேன். அவுக பெட்டியைத் திறந்து பாத்துட்டு, ‘நம்பரைப் பிரிக்க வேணாம், இருக்கட்டும். அழகாத் தச்சிருக்க’ன்னாக. வேற ஒண்ணும் கேக்கலை.”

(அப்பா இந்த இடத்தில் செய்தித்தாளைக் கொஞ்சம் மேலே தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.)

“அந்த ஆசை முறிஞ்சது நெசம். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒடிஞ்ச கை கூடிருச்சு, மழைக்கு மட்டும் வலிக்கும், அம்புட்டுத்தான். உன் பட்டியலை ஏன் கிழிச்சேன்னு கேக்கத் தைரியமில்லைன்னு எழுதியிருக்க. நான் சொல்றேன். நீ எனக்காகப் போறியோன்னு பயந்துதான் கிழிச்சேன். ஒருத்தி ஆசையை இன்னொருத்தி தலையில ஏத்துறது பாவம். நாப்பது நாள் பேசாம இருந்து பாத்தேன். எனக்காகப் போறவளா இருந்தா, நான் மூஞ்சியைத் திருப்புனதுமே நின்னிருப்ப. நீ நிக்கலை. அப்பத்தான் தெரிஞ்சுச்சு, இது உன்னோட சொந்த ஆசைன்னு. நாப்பத்தோராம் நாள் உனக்கு நாந்தானே பெட்டி கட்டுனேன்?

ரெண்டு விரிப்புல ஒண்ணு உங்க ரெண்டு பேருக்கும் தொட்டில் கட்டியே நைஞ்சு போச்சு. மத்தது சும்மாத்தான் கிடக்கு. இங்கன இனிமே தொட்டில் கட்டுற வேலை எப்ப வருமோ தெரியலை.”

(இது எனக்கு விழுந்த குத்து.)

“அதைத் துவைச்சு வச்சிருக்கேன். ஜூலைக்கு வரும்போது கொண்டாறேன். நீ முழங்கால் போடும்போது கீழ விரிச்சுக்க. அங்கன வேணாம்னு சொன்னாகன்னா, தரை துடைக்கவாச்சும் வச்சுக்க.”

அக்கா, எழுதி முடித்துவிட்டு நான்தான் அழுதேன். அம்மா போய் உலை வைத்துவிட்டாள்.

மார்ச் கெடு போய்விட்டது, தவணை வாங்கி நான்காம் இயலை முதலிலிருந்து எழுதுகிறேன். சந்தனம்மாள் பச்சைப் பயிரை அறுத்ததை இதுவரை தோல்வி என்றுதான் எழுதியிருந்தேன். அவள் கையில் அரிவாள் இருந்ததை நான் பார்க்கவேயில்லை. ஜெசிந்தா கேட்டதுதான் சரியான கேள்வி. உன் கவிதையையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அடிக்குறிப்பில் அம்மாவின் திருத்தத்தோடு. நெறியாளர் ஏற்பாரா என்று கேட்காதே, ஏற்க வைப்பேன்.

முதல் வாசகம் எது என்று எழுது. வீட்டில் பயிற்சி எடுக்க வேண்டும். நீ என்னுடைய அக்கா என்பதால் சொல்கிறேன், எனக்கு நீ இங்கே இல்லாதது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வருகிறேன்.

உன் தங்கை,
அனிதா


மடம்
20.7.2025

அன்பு அனிதாவுக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? வழியில் அப்பா எதையாவது வாங்கித் தின்றாரா? நான் நலம். இந்தக் கடிதத்தை அனிதா கடைசி எழுத்து வரை உரக்கவே வாசிக்கலாம்.

அனிதா, நீ இரண்டாம் வரியில் தடுமாறியதையும், நிறுத்தி மூச்சுவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்ததையும் கேட்டேன். கம்பிக்குப் பின்னால் இருந்ததால் உன் முகம் சரியாகத் தெரியவில்லை. குரல் போதுமாக இருந்தது. அப்போது என் முட்டிக்கடியில் அந்த விரிப்புதான் கிடந்தது.

என் கவிதையில் கடைசி இரண்டு வரியைத் திருத்திவிட்டேன்:

குடையை மட்டும் அவள் விடவில்லை.
வெளியே மழை.

அம்மாவுக்கு இது சரியா என்று கேட்டு எழுது. சரியில்லை என்றால் மறுபடி திருத்துகிறேன்.

இன்னொரு செய்தி. வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சலவை நாள். இந்த வாரம் முறை ஜெசிந்தாவுக்கு. அவள் வாளியிலிருந்து விரிப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று குரல் கொடுத்தாள். ‘நாம பதினாலு பேருதானே இருக்கோம், இது யாரு அறுபத்தி மூணு?’

நான் வாய் திறப்பதற்கு முன்பே மாடியிலிருந்து தாயார் எட்டிப் பார்த்தார். நம் கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தவர் அல்லவா?

‘அது மதலேனாளுடையது. நல்லாத் துவைச்சு, நம்ம கொடியிலேயே போடுங்க’ என்றார்.

உங்கள்,
மெர்லின்